தாத்தா பாட்டி மாத்திரை டப்பாவுல ஆன்டிகோலினெர்ஜிக் எவ்ளோ இருக்குன்னு செக் பண்றது எப்படி

சளிக்கு ஒண்ணு, வயித்து வலிக்கு ஒண்ணு, கால் எரிச்சலுக்கு ஒண்ணு, அடிக்கடி ஒண்ணுக்கு வருதுன்னு ஒண்ணு. நாலையும் நாலு டாக்டர் எழுதினது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா உள்ள போனா நாலும் ஒரே வேலையதான் பாக்கும். எச்சில் ஊற, குடல் அசைய, மூத்திரப்பை சுருங்க, மூளையில ஞாபகம் நிக்க எல்லாத்துக்கும் அசிட்டைல்கோலின்னு ஒரு நரம்பு ரசாயனம் வேணும். அது வந்து உக்கார வேண்டிய மஸ்கரினிக் ரிசெப்டார்ல (செல்லுல அதுக்குன்னு இருக்கிற சீட்டு) இந்த மருந்துங்க பஸ் சீட்ல துண்டு போடுற மாதிரி முன்னாடியே இடம் புடிச்சுக்கும், இதுங்களுக்குத்தான் ஆன்டிகோலினெர்ஜிக்னு பேரு. ஊமத்தங்காய் தின்னவங்க உளர்றதும் இதே கதைதான், அளவுதான் வேற.

அதுக்காக இது கெட்ட மருந்துன்னு இல்ல, பூச்சிமருந்து குடிச்சவங்கள காப்பாத்துற அட்ரோபினும் இதே குடும்பம்தான்.

ஸ்டெப் 1: வீட்ல இருக்கிற எல்லா ஸ்ட்ரிப்பையும் கொட்டுங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்கினது, இருமல் சிரப், கண்ணு சொட்டு மருந்து எல்லாம் சேத்துதான். பிராண்ட் பேர விடுங்க, பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற மருந்து பேர படிங்க. குளோர்பெனிரமின் (நிறைய சளி மாத்திரையில இருக்கும்), டைபென்ஹைட்ரமின், டைசைக்ளோமின் (சைக்லோபாம், மெஃப்டால் ஸ்பாஸ் ரெண்டுலயும் இருக்கு), அமிட்ரிப்டிலின், ஹைட்ராக்சிசின், ட்ரைஹெக்சிஃபெனிடில், ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனசின். இதுல எது இருந்தாலும் தனியா எடுத்து வைங்க.

ஸ்டெப் 2: மார்க் போடுங்க. ஏசிபி ஸ்கேல்னு (ஆன்டிகோலினெர்ஜிக் மருந்து மூளைக்கு எவ்ளோ சுமைன்னு அளக்குற பட்டியல்) ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு மருந்துக்கும் 1ல இருந்து 3 வரைக்கும் மார்க். அமிட்ரிப்டிலின் 3, குளோர்பெனிரமின் 3, ஃபுரோசமைடு (உடம்புல சேர்ற நீரை வெளியேத்துற மாத்திரை) 1. மொத்தம் 3 வந்தாலே டாக்டர்கிட்ட பேசணும், அதாவது இதுல ஒரே ஒரு 3 மார்க் மருந்தே போதும்.

ஸ்டெப் 3: ஆளப் பாருங்க, இதுதான் முக்கியம். வாய் வறண்டு சாப்பாடு இறங்கலையா, மலச்சிக்கலா, ஒண்ணுக்கு போக முக்குறாங்களா, பேப்பர் எழுத்து மங்குதா, வெயில்ல வேர்க்காம உடம்பு சுடுதா? ராத்திரி எழுந்து "யாரு அங்க நிக்கிறது"ன்னு கேக்குறாங்களா? வயசாயிடுச்சு அப்படித்தான்னு நாம விட்டுடுவோம், ஆனா அந்த உளறல் போன வாரம் புதுசா ஆரம்பிச்ச மாத்திரையால வந்திருக்கலாம், அதனால எந்த மாத்திரை எப்ப ஆரம்பிச்சாங்க, பிரச்சனை எப்ப வந்துச்சுன்னு ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. இன்னொரு கூத்து: மறதிக்கு டோனெபெசில் குடுப்பாங்க, அது அசிட்டைல்கோலின ஏத்தும், அதனால சிலருக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாம போகும், அதுக்கு இன்னொரு டாக்டர் ஆக்சிபியூட்டினின் குடுப்பாரு, அது அசிட்டைல்கோலின் வேலையத் தடுக்கும். ஒரு கால் ஆக்சிலரேட்டர்ல, ஒரு கால் பிரேக்ல.

ஸ்டெப் 4: புராஸ்டேட் வீக்கம், குறுகிய கோண கிளாக்கோமா (ஒரு வகை கண் அழுத்த நோய்), மயஸ்தீனியா கிராவிஸ் (தசை பலவீனமாகுற நோய்), இதுல எது இருந்தாலும் புது மருந்து வாங்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்டயோ மெடிக்கல்லயோ சொல்லிடுங்க. சளி மாத்திரைதானேன்னு நினைக்காதீங்க.

ஸ்டெப் 5: நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. அமிட்ரிப்டிலின், ட்ரைஹெக்சிஃபெனிடில் எல்லாம் ரொம்ப நாள் போட்டுட்டு சட்டுனு விட்டா வாந்தி, தூக்கமின்மை, நடுக்கம்னு படுத்தும், கொஞ்சம் கொஞ்சமாதான் குறைக்கணும். லிஸ்ட்ட டாக்டர் முன்னாடி வச்சு "இதுக்கு பதில் வேற இருக்கா"ன்னு கேளுங்க. நிறைய நேரம் இருக்கும், அலர்ஜிக்கு ஃபெக்சோஃபெனடின், மூத்திரப்பைக்கு மிராபெக்ரான் (பிபி பாத்துக்கணும்) மாதிரி.

ஒண்ணுக்கே வராம அடிவயிறு உப்பி வலிச்சாலோ, கண்ணு செவந்து கடுமையா வலிச்சு வாந்தி வந்தாலோ, உடம்பு கொதிச்சு வேர்வையே இல்லாம ஆள் உளறினாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம 108க்கு போன் போடுங்க, எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒரு கவர்ல போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க.