பூட்டிய மின்னூலைப் பார்வையற்ற வாசகருக்கு மாற்றித் தரச் சட்டம் காட்டும் வழி

பார்வையற்ற மாணவர் விலை கொடுத்து வாங்கிய மின்னூலில் நகலெடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டு இருப்பதால், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் அவருடைய திரைவாசிப்பான் அதைப் படிக்க முடியாமல் நின்றுவிட்டால், அதை அவர் படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றித் தர இந்தியாவில் பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 52(1)(இசட்.பி.) உட்பிரிவு இந்த உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் எவருக்கும் தருகிறது; வடிவம் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ டெய்சி கோப்பாகவோ (பார்வையற்றோருக்கான மின்னூல் வடிவம்) இருக்கலாம். இப்படி ஓர் உரிமை இருப்பது தெரியாமல் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்து மாணவரின் பருவத்தேர்வைக் கடக்கவிடுவது பெரிய அநியாயம்.

முதலில், அந்த நூல் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், பூட்டில்லாத கோப்பைக் கேட்டுப் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சட்டப்படி இது கட்டாயமில்லை; ஆனால் அவர்கள் கொடுத்துவிட்டால் பூட்டைப் பற்றிய கேள்வியே எழாது.

கொடுக்காவிட்டால் அதே சட்டத்தின் 65ஏ பிரிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. குற்றத்தைத் தீர்மானிப்பது அந்த நோக்கமே. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடை செய்துவிட்டு, விதிவிலக்குகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் வழியாக வழங்குகிறது. நம் சட்டமோ, தான் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைக் கடப்பதைக் குற்றமாகக் கருதுவதில்லை.

இந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. இதைத்தான் தன்னார்வலர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இன்னொருவருக்காகப் பூட்டைக் கடக்க உதவுபவர், அந்த இன்னொருவரின் பெயர், முகவரி, அடையாளம் காணத் தேவையான பிற விவரங்கள், எதற்காக உதவினார் என்பது ஆகியவற்றை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு பதிவேடு தொடங்கி, இவற்றோடு நூலின் பெயர், பதிப்பு, மாற்றிய தேதி ஆகியவற்றையும் எழுதி, நூல் வாங்கிய ரசீதின் நகலையும் இணைத்து வையுங்கள். பின்னாளில் கேள்வி எழுந்தால் உங்கள் நோக்கத்துக்குச் சான்றாக நிற்கப்போவது இந்தப் பதிவேடுதான். விற்பனைத் தளத்தின் விதிமுறைகள் தனி விஷயம்: அவற்றை மீறியதாகச் சொல்லித் தளம் கணக்கை முடக்கக்கூடும் என்பதை மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூட்டு திறந்த பிறகும் தமிழ் நூல்களில் பாதி வேலை மிச்சமிருக்கும். பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த பிடிஎஃப் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி எழுத்துருவில் உள்ள ‘அம்மா’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னால் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று அது வாசிக்கும். அத்தகைய கோப்பை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் திரைவாசிப்பான் தமிழாகவே படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பக்கங்கள் படங்களாகவே இருந்தால் படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் தேவைப்படும். அதன் விளைவில் துணைக்காலும் ரகரமும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிக் கிடக்கலாம் என்பதால் ஒருவர் மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டே ஆக வேண்டும். தலைப்புகளைத் தலைப்புகளாகக் குறியுங்கள். படங்களுக்குச் சொல்லால் விளக்கம் கொடுங்கள். அச்சுப் பக்க எண்களை எடுத்துவிடாதீர்கள், வகுப்பில் ஆசிரியர் பக்க எண்ணைச் சொல்லித்தான் பாடம் நடத்துவார்.

நூலாசிரியர் பெயரும் உரிமைக் குறிப்பும் உள்ள பக்கத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். அத்தகைய உரிமைத் தகவலைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குவதும் மாற்றுவதும் 65பி பிரிவின்படி தனிக் குற்றம்.

கோப்பை இலாப நோக்கின்றித்தான் கொடுக்க வேண்டும். தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மாற்றித் தருவது ஓர் அமைப்பாக இருந்தால், கோப்பு மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே பயன்படுவதையும் வணிகச் சந்தைக்குள் நுழையாதிருப்பதையும் உறுதிசெய்யும் பொறுப்பும் அதற்கு உண்டு. எவரும் சேரக்கூடிய டெலிகிராம் குழுவில் அதைப் போட்டால் சட்டம் தந்த பாதுகாப்பை இழக்க நேரிடும். இலாப நோக்கோடு தயாரிக்க விரும்புவோருக்கு 31பி பிரிவின்படி உரிமம் கோரும் வழி தனியே இருக்கிறது.

கோப்பை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தால், பார்வையற்றோர் படிக்கத்தக்க நூல்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள வகைசெய்யும், 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கை துணை நிற்கும். அதை உலகில் முதலாவதாக, 2014இல், ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. இலங்கையும் சிங்கப்பூரும் பின்னர் சேர்ந்தன. ஆகவே யாழ்ப்பாணத்தில் படிக்கும் மாணவர் ஒருவர் உங்கள் கோப்பைக் கேட்டால் நீங்களே மின்னஞ்சலில் அனுப்பாமல், உடன்படிக்கை சொல்வதுபோல, அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் வழியாக அனுப்புங்கள்.