நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறதா? கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

"இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை" என்ற புகாரோடு வரும் கார்களில் பாதிக்குமேல் பேட்டரியை ஏற்கெனவே மாற்றிவிட்டுத்தான் வருகின்றன. அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்த பெட்ரோல் ஹேட்ச்பேக்கும் அப்படித்தான். புதிய 35 ஆம்பியர்-மணி பேட்டரி, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நன்றாக சார்ஜ் ஏற்றுகிறது, இருந்தும் மூன்றாம் நாள் காலையில் வண்டி அசையாது. நிறுத்திய பிறகும் எங்கோ மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். அந்த இடத்தை எப்படிப் பிடிப்பது என்பதைத் தொழில் கற்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் பேட்டரி

முழுதாக சார்ஜ் செய்து சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை. சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டிலும் தேறினால் பேட்டரியை விட்டுவிடுங்கள். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

காரை ஏமாற்றுதல்

நாம் அளக்கப்போகும் பியூஸ் பெட்டிகளில் ஒன்று பானெட்டுக்குள், இன்னொன்று பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். சோதனையின் நடுவில் கதவைத் திறந்தால், உறங்கிய மாட்யூல்கள் (காரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) விழித்துக்கொள்ளும். ஆகவே ஓட்டுநர் கதவையும் பானெட்டையும் முன்னதாகவே திறந்து, அவற்றின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கதவுச் சட்டத்தில் தனி ஸ்விட்ச் இருந்தால் அதையும் அழுத்திக் கட்டுங்கள். கோளாறு பார்க்கும் ஸ்கேனர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி, காரைப் பூட்டி, சாவியைப் பல மீட்டர் தள்ளி வையுங்கள். வேலை முடிந்து மூடும் முன் நாக்கை மீண்டும் விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டு அடிபடும்.

மீட்டர்

நான் சொல்வது, வயரை வெட்டாமல் சுற்றிக் கவ்வியே மின்சாரத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர், அதுவும் சில மில்லிஆம்பியர் வரை காட்டுவது. ஏசி மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் இங்கே பயன்படாது. நெகட்டிவ் டெர்மினலிலிருந்து புறப்படும் எல்லா வயர்களையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். கவ்வுமுன் அதே இடத்தில் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள்.

டெர்மினலைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரைக் கோக்கும் பழைய முறை எனக்குப் பிடிக்காது. கழற்றிய நொடியில் எல்லா மாட்யூலும் மின்சாரம் இழந்து, திரும்பக் கோத்ததும் புதிதாக விழிக்கும். சிக்கிக்கொண்டிருந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அதிலேயே விடுபட்டுவிட்டால் கோளாறு மறைந்துபோகும். வேறு வழியில்லாதபோது மீட்டரின் 10 ஆம்பியர் துளையைப் பயன்படுத்துங்கள். மீட்டர் தொடரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது.

காத்திருத்தல்

எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். பூட்டியவுடன் மீட்டர் சில ஆம்பியர்கள் காட்டும். அதைப் பார்த்துப் பதறிப் பியூஸ்களைப் பிடுங்க ஆரம்பித்தால் ஒரு நாள் முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அந்த நேரத்தில் எந்தப் பியூஸைப் பிடுங்கினாலும் அளவு குறையத்தான் செய்யும். எல்லாமே குற்றவாளியாகத் தெரியும்.

மாட்யூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் உறங்கும். அளவு படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் சற்று நின்று, பிறகு மீண்டும் இறங்கும். சில கார்களுக்குச் சில நிமிடம், சிலவற்றுக்கு அரை மணிக்கும் மேல். கடைசியில் 50 மில்லிஆம்பியருக்குள் வந்து நின்றால் பொதுவாக நல்ல கார். எங்கள் ஹேட்ச்பேக் 0.39 ஆம்பியரில் நின்றுவிட்டது. 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 9 ஆம்பியர்-மணிக்கும் மேல். இரண்டே நாளில் அந்தப் பேட்டரி பாதிக்குமேல் காலி.

பியூஸைப் பிடுங்காமல் அளத்தல்

பிளேடு பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, இரு முனைகளையும் அந்தப் புள்ளிகளில் அழுத்துங்கள். மின்சாரம் ஓடாத பியூஸில் பூஜ்யம் காட்டும். ஓடினால், பியூஸுக்கும் சிறு மின்தடை உண்டு என்பதால், ஒரு சிறு அளவு தெரியும். 10 ஆம்பியர் மினி பியூஸின் தடை ஏறக்குறைய 7 முதல் 8 மில்லிஓம், ஆகவே 0.1 மில்லிவோல்ட் என்றால் சுமார் 13 மில்லிஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸில் அதே 0.1 மில்லிவோல்ட்டுக்குச் சுமார் 20 மில்லிஆம்பியர்.

பியூஸைப் பிடுங்கிச் செருகினால் உறங்கிய மாட்யூல் எழுந்துவிடும், திரும்பவும் அரை மணி காத்திருக்க வேண்டும். அளந்து பார்ப்பதில் அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒரு வித்தைக்காகவே 0.1 மில்லிவோல்ட் காட்டும் மீட்டரை வாங்கலாம் என்பேன்.

எங்கள் காரில் எல்லாப் பியூஸும் ஏறக்குறைய பூஜ்யம், ஆடியோவுக்கான 15 ஆம்பியர் பியூஸில் மட்டும் 1.8 மில்லிவோல்ட், அதாவது சுமார் 360 மில்லிஆம்பியர். ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பார்த்தோம். காரோடு வந்ததல்ல, வெளிக்கடையில் மாட்டிய செட். நினைவகத்துக்கு எப்போதும் மின்சாரம் தரும் மஞ்சள் வயரையும், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய சிவப்பு வயரையும் யாரோ ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். திரை அணைந்திருந்தாலும் செட் உள்ளே விழித்தே இருந்தது. சிவப்பு வயரைச் சாவி வழி வரும் இணைப்புக்கு மாற்றி மறுபடி காத்திருந்து அளந்தோம்: 0.03 ஆம்பியர்.

எல்லாப் பியூஸும் பூஜ்யம், கிளாம்ப் மட்டும் கசிவு காட்டினால்?

ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த வயரைக் கவ்விப் பாருங்கள். அது சாதாரண பிளேடு பியூஸ்கள் வழியாகப் போவதில்லை. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு உள்ளே கெட்டிருந்தால் சார்ஜ் ஓரளவு சரியாக ஏறும், நிறுத்தியபின் மின்சாரம் பின்னோக்கிக் கசியும். அந்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும்; கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே ஆக வேண்டும்.

பின்னர் சேர்த்தது

பெட்டி வடிவப் பெரிய பியூஸ்களில் புள்ளி இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். பலவற்றில் அப்படித்தான், அவற்றிலிருந்து போகும் வயரைக் கிளாம்பால் கவ்வுங்கள்.

இன்னொருவரின் காரில் பகலில் எவ்வளவு நேரம் அளந்தாலும் 30 மில்லிஆம்பியர்தான், காலையில் பேட்டரி மட்டும் காலி. இப்படி வந்துபோகும் கசிவுக்கு, உச்ச அளவைப் பதிவு செய்யும் கிளாம்பை இரவு முழுவதும் விட்டுவைக்கச் சொன்னேன். அது தானாக அணையும் வசதியை முதலில் நிறுத்திவிட வேண்டும். கார் வாங்கிய பின் தனியாக மாட்டிய ஜிபிஎஸ் கருவி, டாஷ்கேம் போன்றவை இருந்தால் அவற்றின் வயர் எங்கே போகிறது என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.