வெப் டிசைன் தொழிலுக்கு வாடிக்கையாளர் பிடிப்பது எப்படி?

"எல்லாருக்கும் வெப்சைட் செய்து தருவோம்" என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே துறையை எடுங்கள். பல் மருத்துவமனை, ஜிம், எதுவானாலும் சரி. கூகுள் மேப்ஸில் தேடி 30 பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தளத்தையும் மொபைலில் திறந்து பாருங்கள். போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா? தொடர்புப் படிவம் வேலை செய்கிறதா? தளத்தின் முகவரியை, வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் இலவசக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் போடுங்கள். பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ தெரிய 2.5 நொடிக்கு மேலானால் கூகுள் அதை 'நல்லது' என்று கணக்கிடாது.

அடுத்தது மின்னஞ்சல். ஐந்து வரி, ஒரே ஒரு குறை:

"உங்கள் தளத்தில் போன் எண் படமாக இருக்கிறது. மொபைலில் தொட்டால் அழைப்பு போகவில்லை. சரிசெய்ய அரை மணி நேரம் ஆகும். எப்படி என்று எழுதி அனுப்பட்டுமா?"

பத்துக் குறைகளை அடுக்காதீர்கள். அந்தத் தளத்தைச் செய்தது உரிமையாளருடைய மருமகனாகக்கூட இருக்கலாம். கோப்பு எதையும் இணைக்காதீர்கள். உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) இல்லாவிட்டால் கடிதம் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் 30 பேருக்கும் அனுப்பாமல் தினமும் ஐந்து பேருக்கு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் ஐந்தாம் நாள் ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

பதில் வந்ததும் விலையைச் சொல்லிவிடாதீர்கள். எத்தனை பக்கம், எழுத்தும் படமும் யார் தருவது என்று முதலில் கேளுங்கள். பல வேலைகள் இழுப்பது அங்கேதான். பாதித் தொகை முன்பணம். எத்தனை முறை திருத்தம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.