ஏற்காட்டில் இருந்துகொண்டே மேல்வானத்தைப் படிப்பது எப்படி?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 850 ஹெக்டோபாஸ்கல். அழுத்தம், வெப்பம், ஈரம் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகும் வானிலை பலூன்கள் கட்டாயம் பதிய வேண்டிய மட்டங்களில் இந்த 850-ம் ஒன்று. ஆக, மீனம்பாக்கத்தில் விடுகிற பலூன் நம் ஊர் உயரத்தைத் தாண்டும்போது அளவு அட்டவணையில் நமக்கென்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மேலே போகிறது. காப்பித் தோட்டக்காரனான நான் இதைப் படிக்க உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

உலகம் முழுக்க பலூன் கணக்கு எடுப்பது நம் நேரப்படி காலை 5:30, மாலை 5:30. பலூனை அதற்குக் கொஞ்சம் முன்னாடியே விட்டுவிடுவார்கள். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறும். அஞ்சே நிமிஷத்தில் ஏற்காட்டு உயரம் வந்துவிடும். அப்புறம் முப்பது கிலோமீட்டர் வாக்கில் போய் வெடிக்கும். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் நிலைய எண்ணைப் போட்டால் அட்டவணை கிடைக்கும். சென்னை 43279, பெங்களூரு 43295, காரைக்கால் 43346. நேர்க்கோட்டில் சேலத்துக்குப் பக்கம் பெங்களூருதான். ஆனால் அந்த ஊரே 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் அடிக்காற்றின் கணக்கு அதில் வராது. சமவெளியிலிருந்து மலை வரை பார்க்க சென்னையை எடுங்கள். சில நாள் கணக்கே வராது; முந்தைய நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அட்டவணையின் முதல் நான்கு பத்திகள் போதும்: அழுத்தம், உயரம், வெப்பநிலை, பனிப்புள்ளி (எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றின் ஈரம் நீராகப் படியுமோ, அது). 850 வரியில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால், அந்த உயரத்துக் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. மலையில் மூட்டம் இறங்க வாய்ப்பு அதிகம். பத்து டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் மிளகைத் தைரியமாகக் காயப்போடலாம். காப்பிச் செடி பூக்க வைக்கும் பூ மழைக்குக் காத்திருக்கும் நாட்களில் எங்கள் மேஸ்திரி "பலூன் என்னங்க சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பிரிப்பார். பலூன் ஜோசியம் சொல்லாது. சென்னைக்கு மேலே இருக்கிற காற்று அப்படியே நம் மலைக்கு மேலேயும் இருக்கும் என்றும் இல்லை. ஒரு கோடு காட்டும், அவ்வளவுதான்.

சாதாரணமாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறைய வேண்டும். ஜனவரிக் காலையில் சில நாள் அடிப்பக்க வரிகளில் மேலே போகப் போக வெப்பம் கூடும். அப்படிப்பட்ட காலையில் சேலத்தைப் பார்த்தபடி இருக்கும் ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே பாருங்கள். சேலத்துப் புகையெல்லாம் மேலே வர வழியில்லாமல் கத்தியால் சீவிய மாதிரி ஒரே மட்டத்தில் படிந்து கிடக்கும். அட்டவணையின் இரண்டு வரிகளைக் கண்ணால் பார்ப்பது அங்கேதான்.

சரி, காலநிலைக்கு வருவோம். 100 ஹெக்டோபாஸ்கல் வரிக்குப் போங்கள். உயரம் பதினாறு கிலோமீட்டருக்கு மேல், வெப்பம் மைனஸ் 80 வாக்கில் இருக்கும். இதற்கு மேலேதான் விஷயம். வெயில் கூடியதால்தான் பூமி சூடாகிறது என்றால் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழடுக்கு சூடாகும், அதற்கு மேலிருக்கும் அடுக்குமண்டலம் குளிரும். 1967-லேயே மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு இதைச் சொன்னார்கள். பலூனும் செயற்கைக்கோளும் அளந்து காட்டியதும் அதையேதான். மேலே குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் பங்கு உண்டு.

இந்த மாற்றத்தைப் பத்து வருஷத்துக்கு இத்தனை என்று பார்த்தால் ஒரு டிகிரியைப் பத்தாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். பகல் வெயில் உணரியைச் சூடாக்குவதும், கருவியின் மாடல் மாறுவதும் அந்த அளவுக்குப் பிழை கொடுத்துவிடும். அதனால் பழைய எண்களை எடுத்து நீங்களே கோடு போட்டு "சென்னை வானம் இவ்வளவு சூடாகிவிட்டது" என்று பதிவு போடாதீர்கள். நெடுநாள் கணக்கு வேண்டுமானால் அமெரிக்கக் கடல், வானிலை நிறுவனமான நோவா (NOAA) சேர்த்து வைத்திருக்கும் உலகப் பலூன் அளவுகளின் இக்ரா (IGRA) தொகுப்பில் இதே சென்னை எண் இருக்கிறது. அப்பட்டமான தவறுகளை அதில் களைந்திருப்பார்கள். கருவி மாறியதால் வந்த குதிப்புகளை ஒட்டுப்போட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் குதிப்புகள் இனி வராமல் இருக்கத்தான் குருவான் (GRUAN) என்கிற, மேல்வானத்தைத் துல்லியமாக அளக்கும் நிலையங்களின் உலக வலைப்பின்னல். தலைமையகம் ஜெர்மனியின் லிண்டன்பெர்க்கில், 1905-இலேயே பட்டம் விட்டு மேல்காற்றை அளக்க ஆரம்பித்த ஆய்வகத்தில் இருக்கிறது. நியூசிலாந்தின் லாடர், ஜப்பானின் டாடெனோ, ஆர்க்டிக்கின் நை-ஓலெசுண்ட் எல்லாம் இதில் உண்டு. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அதன் பிழை வரம்பையும் எழுதுவார்கள். திருத்தாத மூலக் கணக்கையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். பழைய கருவியை விடுவதற்கு முன் புதியதையும் அதையும் ஒரே பலூனில் கட்டிப் பலமுறை பறக்கவிட்டு, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பதிந்துகொள்வார்கள். எனக்குப் பிடித்தது இந்த வேலைதான்.

தோட்டத்தில் வெப்பமானி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யலாம். புதியது வாங்கினால் பழையதைக் கழற்றாமல், வெயில் படாத அதே இடத்தில் இரண்டையும் தொங்கவிட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சேர்த்தே குறித்து வாருங்கள். மாற்றிய தேதியையும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தில் நிழல் தந்த சில்வர் ஓக் மரத்தை வெட்டியிருந்தால் அந்தத் தேதியும் அங்கேயே வரவேண்டும்.