மலையக வீட்டுக் காம்பராவுக்கு வால்பேப்பர் ஒட்டும் முறை

பத்தடிக்குப் பத்தடி காம்பராவில், அதாவது அறையில், ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொண்டால், புதிதாகச் செய்கிறவர்களும் இரண்டு பேராகச் சேர்ந்து வால்பேப்பர் ஒட்டிவிடலாம். ஆனால் நம்ம பக்கத்துக் குளிரிலும் மூடுபனியிலும் அது நிலைத்து நிற்குமா என்பது சுவரின் கையில்தான் இருக்கிறது. அதனால் பேப்பர் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்.

ஈரலிப்பு இருக்கிறதா?

ஒரு அடிச் சதுரத்தில் பொலித்தீன் துண்டு வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவரில் இப்போதைக்கு ஒட்டவே வேண்டாம். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை.

மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்மேட்டுப் பக்கத்துச் சுவர்தான் பெரும்பாலும் ஈரமாக இருக்கும். அதற்கு மருந்து வால்பேப்பர் அல்ல. பின்னால் இருக்கும் கானைத் துப்புரவாக்கி, தண்ணீர் ஓடிப்போக வழி செய்ய வேண்டும். இரண்டு அறைகளுக்கு நடுவில் வரும் சுவர்தான் ஆரம்பிக்க நல்ல இடம். காலத்தையும் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாக மழை குறைவு. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வசதி.

எந்தப் பேப்பர்?

ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டும் பிளாஸ்டிக் தாள் மலிவு, லேசு. ஆனாலும் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அது சுவரின் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே கறுப்புப் பூஞ்சணம் படரும். நான்-வோவன் (நெய்யாமல் நார்களைச் சேர்த்து அழுத்திச் செய்த தாள்) என்று கேட்டு வாங்குங்கள். அதற்குப் பசையைச் சுவரில் பூசினால் போதும், தாள் ஊறி நீளாது.

பரவலாகக் கிடைக்கும் ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். அதாவது ஏறக்குறைய 21 அங்குலமும் 33 அடியும். எட்டடி உயரச் சுவருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினால் ஒரு ரோலில் மூன்று துண்டு வரும். பத்தடிச் சுவருக்கு ஆறு துண்டு, அதாவது இரண்டு ரோல். பெரிய பூ டிசைன் என்றால் பொருத்தம் பார்ப்பதில் தாள் வீணாகும், ஒன்று கூட்டி வாங்குங்கள். எல்லா ரோலிலும் ஒரே பேட்ச் இலக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் லேசாக மாறும்.

சுவரைத் தயார் செய்தல்

உள்ளங்கையால் சுவரைத் தடவுங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சுண்ணாம்பு. அதன்மேல் பசை பிடிக்காது. சுரண்டிக் கழுவி, காயவிட்டு, பிரைமர் ஒரு கை அடியுங்கள். விறகடுப்புப் புகை படிந்த சுவரையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். வெடிப்புகளை ஃபில்லரால் அடைத்து உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கோதுமை மா காய்ச்சிய பசை நம் ஈரலிப்பில் பூஞ்சணத்துக்குத் தீனியாகிவிடும். வால்பேப்பருக்கென்றே விற்கும் பசைத்தூளை வாங்குவது நல்லது.

ஒட்டுவது

நம் வீட்டு மூலைகள் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். மூலையிலிருந்து 20 அங்குலம் தள்ளி தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூல் ஆடாமல் நின்றதும் பென்சிலால் கோடு போடுங்கள். முதல் துண்டு அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அது சரிந்தால் அடுத்த ஐந்தும் சரியும். மீதி ஒரு அங்குலம் மூலையைத் தாண்டி மடியும், அதை வெட்டிவிடலாம்.

ஒரு துண்டுக்கு வேண்டிய அளவும் சற்றுக் கூடவும் பசை பூசுங்கள். மேலிருந்து ஒட்டி, காய்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தடவினால் காற்றுக் குமிழி வெளியேறிவிடும். அடுத்த துண்டை ஓரத்தோடு ஓரம் முட்ட வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏற்ற வேண்டாம். மிஞ்சிய தாளைப் பட்டைக் கரண்டியால் அழுத்திப் பிடித்து, புது பிளேடால் அறுங்கள். ஈரத்தாளை மழுங்கின பிளேடு கிழித்துவிடும். அடிக்கடி பிளேடு மாற்றுங்கள். மேலே பட்ட பசையை உடனே ஈர ஸ்பொஞ்சால் துடையுங்கள்.

சுவிட்ச் வரும் இடத்தில் முதலில் மெயினை அணைத்து, மூடியைக் கழற்றுங்கள். தாளை அதன்மேல் விட்டு, குறுக்காக இரண்டு வெட்டுப் போட்டு, கால் அங்குலம் மூடிக்கு உள்ளே போகிற மாதிரி நறுக்குங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு மூடியைப் பூட்டி மெயினைப் போடலாம்.

காயும் நாட்கள்

சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரோ கரி அடுப்போ வைக்காதீர்கள்; ஓரங்கள் சுருங்கிப் பிரியும். மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கும் ஆபத்து. பகலில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மூடுபனி இறங்கும் நேரத்தில் சாத்துங்கள். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்புறம் அலுமாரியைத் திருப்பி வைக்கும்போது சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போய்வரட்டும்.