பழைய கமாரோவின் என்ஜின் கணினியோடு லேப்டாப்பைப் பேச வைப்பது எப்படி?

1990 முதல் 1992 வரை வந்த செவ்ரோலே கமாரோ அல்லது போன்டியாக் ஃபயர்பேர்ட் வைத்திருக்கிறீர்களா? அதில் டியூன்ட் போர்ட் இன்ஜெக்‌ஷன் (டிபிஐ) என்ஜின் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்காகத்தான். டியூன் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே, எப்போது எவ்வளவு எரிபொருள் என்று கார் கணினி பார்க்கும் எரிபொருள் அட்டவணையைத் திறந்து எண்களை மாற்றப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். கார் சொல்வதை லேப்டாப் ஒழுங்காகக் கேட்க வேண்டும், ஒரு மணி நேரம் ஓடினாலும் இணைப்பு அறுந்து போகக் கூடாது, அதற்கு அப்புறம்தான் மாற்றம். என்னுடைய 1991 கமாரோவில் மூன்று வார இறுதிகள் கேபிளிலேயே போனது, எண்களில் அல்ல.

முதலில் உங்கள் கணினி எது என்று பாருங்கள்

பயணி பக்கம், டாஷ்போர்டுக்கு உள்ளே ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். அதுதான் ஈசிஎம், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. அதன் ஸ்டிக்கரில் 1227730 என்று இருந்தால் மேலே படியுங்கள். இந்தக் கணினிக்குள் ஓடும் நிரலை எல்லோரும் 8டி என்றுதான் சொல்வார்கள், கோப்புகளைத் தேடும்போது இந்தப் பெயர் தேவைப்படும். 1989 வரை வந்த டிபிஐ கார்கள் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சாரோடு வந்தவை, அவற்றின் கணினியே வேறு. 1990-லிருந்து அந்த சென்சார் போய்விட்டது. மேனிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பு) உள்ள அழுத்தத்தையும் என்ஜின் வேகத்தையும் வைத்து எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணினியே கணக்குப் போடுகிறது. கேம்ஷாஃப்ட்டையோ எக்ஸாஸ்ட்டையோ மாற்றினால் அந்தக் கணக்கு தவறிவிடும். நாம் டியூன் செய்வதே அதைச் சரிசெய்யத்தான்.

இன்னொன்று. கடையில் கிடைக்கும், புதிய கார்களுக்கான ஓபிடி-2 ஸ்கேனர் எதுவும் இதில் வேலை செய்யாது, அது அமெரிக்காவில் கட்டாயமானது 1996 மாடல்களிலிருந்துதான்.

லேப்டாப்

புது லேப்டாப் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸ் 10 ஓடுகிற எந்தப் பழைய லேப்டாப்பும் போதும், பேட்டரி மட்டும் ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்துங்கள். யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி ஓட்டத்தில் விண்டோஸ் போர்ட்டைத் தூங்க வைத்துவிடும். லாக் எடுக்கும்போது, அதாவது கார் அனுப்பும் டேட்டாவைப் பதிவு செய்யும்போது, கார் இன்வெர்ட்டரில் சார்ஜ் போடாமல் பேட்டரியிலேயே ஓட்டுவது நல்லது, சிக்னலில் இரைச்சல் குறையும்.

கேபிள்: இங்கேதான் பொறுமை வேண்டும்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 12 பின் கொண்ட ஏஎல்டிஎல் கனெக்டர் இருக்கும். தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் காரைச் சோதிக்க வைத்தது அது. மேல் வரிசையில் வலது ஓரம் ஏ, அதுதான் கிரவுண்ட். அதற்கு இடது பக்கம் பி. கீழ் வரிசையில் வலது ஓரம் எம், டேட்டா வருவது இதில்தான். ஒரே கம்பியில் போகவும் வரவும் 8192 பாட் (நொடிக்கு 8192 பிட்) வேகத்தில் பேசும்.

கேபிள் வருவதற்கு முன்பே கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஏ-யையும் பி-யையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். செக் என்ஜின் விளக்கு கோட் 12-ஐ மூன்று முறை காட்ட வேண்டும்: ஒரு மினுக்கு, சிறு இடைவெளி, இரண்டு மினுக்கு. என்ஜின் சுற்றவில்லை என்பதுதான் அதன் பொருள், பழுது இல்லை. 12-க்குப் பிறகு வேறு எண் வந்தால் முதலில் அந்தப் பழுதைச் சரிசெய்யுங்கள்.

லேப்டாப்பை ஏஎல்டிஎல்லோடு இணைக்கும் யுஎஸ்பி கேபிளை எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய மலிவான கேபிளில் இருந்தது போலிச் சிப், நாலு நிமிடம் நன்றாக ஓடும், பிறகு அறுந்துவிடும். காரில் வயரிங் கோளாறு என்று நினைத்து டாஷ்போர்டையே கழற்றினேன். கேபிளை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

டிரைவர் போட்டதும் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கேபிளுக்கான காம் போர்ட்டின் அட்வான்ஸ்டு செட்டிங்குக்குப் போங்கள். லேட்டன்சி டைமர் 16 மில்லிசெகண்டில் இருக்கும், அதை 1 ஆக்குங்கள். போர்ட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அதே யுஎஸ்பி துளையில் செருகினால் குழப்பம் இருக்காது.

மென்பொருளும் மூன்று கோப்புகளும்

டியூனர்ப்ரோ ஆர்டி என்ற டியூனிங் மென்பொருளை இறக்கி நிறுவுங்கள், இலவசமாகவே கிடைக்கும். அதோடு மூன்று கோப்புகள் வேண்டும். ஈசிஎம்மின் சிப்பில் உள்ள நிரலையும் அட்டவணைகளையும் அப்படியே எடுத்த நகல் கோப்பு ஒன்று, 8டி-க்கு அது சரியாக 32 கிலோபைட் இருக்கும். அந்த நகலில் எந்த இடத்தில் எந்த அட்டவணை இருக்கிறது என்று சொல்வது எக்ஸ்டிஎஃப். ஓடும் காரிலிருந்து வரும் டேட்டாவைப் பிரித்துக் காட்டுவது ஏடிஎக்ஸ். இப்போதைக்கு ஏடிஎக்ஸ் மட்டும் போதும். அதை ஏற்றி, செட்டிங்கில் உங்கள் காம் போர்ட்டைக் கொடுத்து, சாவியை ஆன் செய்து இணையுங்கள். கூலன்ட் வெப்பமும் பேட்டரி வோல்ட்டேஜும் திரையில் அசையத் தொடங்கும்.

அப்புறம் காரை நன்றாகச் சூடாக்கி இருபது நிமிடம் சாதாரணமாக ஓட்டி லாக் எடுங்கள். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், இல்லையென்றால் பதிவு தானாக ஓடட்டும், வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

லாக்கில் என்ன பார்ப்பது?

பிஎல்எம் என்ற எண்தான் முக்கியம். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கணினி எரிபொருளை எவ்வளவு திருத்துகிறது என்பதை அது காட்டும். 128 என்றால் திருத்தமே இல்லை. அதற்கு மேலே போனால் கணினி எரிபொருளைக் கூட்டுகிறது, கீழே போனால் குறைக்கிறது. அட்டவணையில் ஓர் இடத்தில் 60 இருந்து, அங்கே பிஎல்எம் 134 என்று நிலையாக நின்றால், 60-ஐ 134-ஆல் பெருக்கி 128-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 62.8 வரும். அதுதான் அந்த இடத்துக்கான புதிய எண். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் எண்ணை மாற்றும் முன் என்ஜினைப் பாருங்கள். எரிபொருள் அழுத்த ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிய நிலையில் எரிபொருள் அழுத்தம் 41-லிருந்து 47 பிஎஸ்ஐ-க்குள் இருக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால், வெளிக்காற்று உள்ளே வந்து, எரிபொருள் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும், பிஎல்எம் ஏறும். அந்தக் கசிவை அட்டவணையில் மறைப்பது டியூனிங் அல்ல.

ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது பிஎல்எம்மை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் கணினி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதே இல்லை. அங்கே கை வைக்க காற்று-எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் செய்தால் பிஸ்டன் போய்விடும்.

சிப்பை எடுப்பதும் எழுதுவதும்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஈசிஎம் மூடிக்குக் கீழே மெம்கால் என்ற சிறு பலகை செருகியிருக்கும். சிப் மட்டுமல்ல, என்ஜின் தட்டும் சத்தத்தைப் பிரித்தறிய உதவும் நாக் ஃபில்டரும், கணினி செயலிழந்தாலும் கார் வீடு வரை தள்ளாடிப் போக உதவும் பகுதியும் அதில்தான் இருக்கின்றன. அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெம்காலைப் படிக்க ஓர் அடாப்டர், புது சிப்பை அதோடு சேர்த்து உட்கார வைக்க இன்னோர் அடாப்டர் தேவை. டிஎல்866 போன்ற, சிப்பைப் படித்து எழுதும் ஒரு புரோகிராமர் கருவியில் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் அதுதான் உங்கள் அசல். மூன்று இடங்களில் சேமியுங்கள், அதைத் திறந்து மாற்றவே கூடாது, வேறு பெயரில் நகல் எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

புது சிப்புக்கு 27எஸ்எஃப்512 வசதியானது, மின்சாரத்தாலேயே அழித்து மறுபடி எழுதலாம். ஆனால் அது 64 கிலோபைட், உங்கள் கோப்போ 32. காரின் சாக்கெட்டில் முதல் பின் எப்போதும் 5 வோல்ட்டில் இருப்பதால், கணினி சிப்பின் மேல் பாதியை மட்டும்தான் படிக்கும். எனவே கோப்பை 8000 என்ற ஹெக்ஸ் முகவரியிலிருந்து எழுதுங்கள். முதல் தடவை நிறையப் பேர் இங்கேதான் தவறி, சிப் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுகிறார்கள்.

எழுதி முடித்து மாட்டியதும் கோட் 51 வந்தால், சிப் சரியாக உட்காரவில்லை அல்லது செக்சம் (கோப்பு சரிதானா என்று சோதிக்கும் கூட்டு எண்) தவறு. சரியாக ஸ்டார்ட் ஆனால் உடனே மகிழ்ந்து வேகமாக ஓட்ட வேண்டாம். பேட்டரியைக் கழற்றியதால் பிஎல்எம் எல்லாம் 128-க்குத் திரும்பியிருக்கும், கணினி மறுபடி கற்றுக்கொள்ள ஒன்றிரண்டு ஓட்டம் பிடிக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் லாக்கைத்தான் பழையதோடு ஒப்பிட வேண்டும்.

ஈஜிஆர் போன்ற புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளை அணைக்கும் வசதியும் அந்த அட்டவணைகளில் கண்ணில் படும். சாலையில் ஓடும் காரில் அவற்றைத் தொடாதீர்கள், அமெரிக்காவில் அது கூட்டாட்சிச் சட்டத்துக்கு எதிரானது.

முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது அசல் கோப்பை எழுதிய இன்னொரு சிப்பை ஒரு சிறு டப்பாவில் போட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு க்ளவ் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.