“அது தானா ஓடுதுண்ணா”: பிரவுசர் கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டிடிபி பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பியின் திரையில், பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளுக்குப் பின்னால் ஒரு கேம் டேப் எட்டிப் பார்த்தது. என்னப்பா இது என்றேன். “நான் தொடவே இல்லைண்ணா, அது தானா ஓடுது” என்றான். பத்து வருடம் முன்பு நான் சொன்ன அதே வசனம். வேலை நேரத்தில் விளையாடக் கூடாது என்பது அவனுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு ஆட்டம் என்று கணக்குப் போடுவது

2014இல் கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் எழுதியது 2048, ஒரே எண் உள்ள கட்டங்களை மோதவிட்டுக் கூட்டிக்கொண்டே போகும் கேம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு புதுக் கட்டம் விழும். பத்தில் ஒன்பது முறை 2, ஒரு முறை 4. கூட்டிப் பாருங்கள், 2048ஐத் தொட 900 முறைக்கு மேல் நகர்த்த வேண்டும். டீ வருவதற்குள் முடிகிற காரியமா? சொல்லைக் கண்டுபிடிக்கிற வேர்டில் (Wordle) கேம் இந்த விஷயத்தில் யோக்கியம். நாளுக்கு ஒரு சொல், ஆறு வாய்ப்பு, ஆளை விட்டுவிடும்.

தானாக ஓடுவதைப் பின்னால் ஓடவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. குக்கீ கிளிக்கர், 2013இல் வந்தது. குக்கீயைச் சொடுக்கினால் ஒரு குக்கீ. 15 சேர்ந்தால் உங்களுக்காகச் சொடுக்க ஒரு கர்சர் வாங்கலாம், 100 சேர்ந்தால் ஒரு பாட்டி. ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறும். அப்புறம் நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், அது பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் எத்தனை சேர்ந்தது என்பது டேப்பின் தலைப்பிலேயே ஓடும். போதாக்குறைக்கு, ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஒரு தங்கக் குக்கீ முளைக்கும். 13 விநாடிதான் இருக்கும். எப்போது என்று தெரியாததால் கண் அங்கேயே போகும். விளையாடிய நேரம் நாளுக்குப் பத்து நிமிடம் கூட இருக்காது. எட்டிப் பார்த்ததுதான் கணக்கில்லை.

ஒரு வரலாற்று நூலுக்குக் கடைசிப் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ஐந்து திருத்தம். மூன்றைப் போட்டதும் தங்கக் குக்கீ வந்தது. சொடுக்கிவிட்டுத் திரும்பினேன், ஐந்தையும் போட்டுவிட்ட நினைப்பில் சிவப்பு மையால் டிக் அடித்து அடுத்த பக்கம் போய்விட்டேன். அத்தியாயத் தலைப்பில் 1967 என்று இருக்க வேண்டியது 1976 என்றே அச்சாகி வந்தது. 16 பக்கப் பாரம் முழுவதையும் திரும்ப அடித்தார்கள். காகிதச் செலவு என் சம்பளத்தில் போனது. அதுகூடப் பரவாயில்லை, ஏன் விட்டுப்போனது என்று நூலாசிரியர் கேட்டபோது என்ன சொல்வது?

கேம் தளங்களைத் தடுக்கும் பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது

பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் எக்ஸ்டென்ஷன்கள் தாமாக வேலை செய்யாது. உங்களுக்கும் அது தெரியும்.

நெட் இல்லாதபோது வரும் குரோம் டைனோசர் கேமைப் பார்த்துப் பயப்படுவது

வேண்டாம். நெட் வருவதற்குள் அதுவே நாலு முறை கள்ளிச்செடியில் முட்டிச் செத்துவிடும்.

ரோஷத்தில் எல்லாவற்றையும் அழிப்பது

அழித்தால் மறுநாள் முதலிலிருந்து தொடங்குவீர்கள். முதல் ஒரு மணி நேரம்தான் குக்கீ கிளிக்கரில் ருசியே. எல்லாம் சரசரவென்று ஏறும். நான் இரண்டு முறை அழித்து இரண்டு முறையும் மாட்டினேன். மூன்றாவது முறை, சேமிப்பை எக்ஸ்போர்ட் செய்து டெக்ஸ்ட் ஃபைலாகப் பென்டிரைவில் போட்டுவிட்டு டேப்பை மூடினேன். பென்டிரைவ் இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. தம்பிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.